எதிர்வீட்டுக்கு ஒரு நன்றி

அத்தியாயம் 17

நன்றி சொல்லிச் சொல்லியே வாய் புளித்துப் போகும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் தையல்காரி சிரித்திருப்பாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, மூன்றாவது மாடிவரை அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்களே, அந்த ஆண்களுக்குப் படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் நன்றி சொன்னாள். வீட்டைப் பெருக்கித் துடைத்து வைத்திருந்த கீழ்மாடிக்காரிக்குச் சொன்னாள். சூப் கொண்டு வந்தவருக்குச் சொன்னாள். அந்தக் கிண்ணத்தைத் திரும்ப வாங்க வந்தவருக்கும் சொன்னாள். கட்டடத்தில் யார் எட்டிப் பார்த்தாலும் முதலில் கை கும்பிட்டது, பிறகுதான் வந்தது யார் என்று கண் பார்த்தது.

எல்லாருக்கும் சொல்லிவிட்டாள். ஒருவருக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. எதிர்வீட்டு டீச்சருக்கு.

ஏன் என்று இந்தக் கதையைத் தொடர்ந்து வருபவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஒரு வேன் மோதித் தையல்காரியின் தொடை எலும்பு முறிந்தது. அதில் சீழ் பிடித்தது. வெட்டினார்கள், தைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். தைத்தவர்களுக்குக் கைநேர்த்தி போதாது என்பது அவள் கட்சி. வீடு திரும்ப டிசம்பர் ஆகிவிட்டது.

கணவருக்குப் பேக்கரியில் ராத்திரி ஷிப்ட். ஐந்து வயது மகளை ராத்திரியில் யாரிடம் விடுவது என்று அவர் விழித்துக்கொண்டு நின்றபோது, டீச்சர் வந்து கதவைத் தட்டி, "என்கிட்ட விடுங்க" என்றார். கல்யாணம் காட்சி இல்லாமல் தனியாக இருப்பவர். விட்டார்கள். அன்று எதிர்வீட்டுக்குத் தூங்கப் போன மிளகு, அம்மா திரும்பிய பிறகும் அங்கேதான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மிளகு என்பது பிறந்த அன்றைக்கே ஒட்டிக்கொண்ட பெயர். அவ்வளவு சின்னது, அவ்வளவு காரம்.

"கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என் பிள்ளை என் வீட்டுக்கு வந்துடணும். அன்னையிலிருந்து இங்கதான் தூங்கணும்" என்று போன வாரம் தையல்காரி கணவரிடம் கறாராகச் சொன்னாள். அவர் சரி என்றார். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு தடவை எதிர்க் கதவைப் பார்த்தார்.

அந்த நாள் இன்று.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்தபோது பேக்கரிக்காரரின் புருவத்தில் மாவு ஒட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அவர்களுக்கெல்லாம் முகம் கழுவக்கூட நேரம் கிடையாது. கையில் உடைந்த கேக் துண்டுகள் ஒரு பொட்டலம்.

"டீச்சர் உன்கிட்ட ஏதாவது பேசினாங்களா?" செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்டார்.

"என்ன பேசணும்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சும்மா எதையும் கேட்கிற மனுஷர் இல்லை அவர். வேறொரு நாளாயிருந்தால் தையல்காரி குடைந்து எடுத்திருப்பாள். இன்று அவளுக்கு வேறு எரிச்சல் இருந்தது.

"சாயங்காலம் கீழே எல்லாரும் கூடுறாங்களாம். என்னையும் தூக்கிட்டுப் போய் ஸ்டாருக்குக் கீழ உட்கார வைப்பாங்களாம். நான் நாலு வார்த்தை பேசணுமாம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் காலங்காத்தால வந்து சொல்லிட்டுப் போறாரு."

"பேசேன். அவ்வளவு செஞ்சிருக்காங்க."

"செஞ்சாங்க. யாரு இல்லன்னது? அதுக்காக ஆயுசு பூரா ஒவ்வொரு கதவா நின்னு கும்பிடு போடணுமா?"

"அப்படியே டீச்சரைப் பத்தித் தனியா ஒரு வார்த்தை சொல்லிடு. நீ இன்னும் அவங்களுக்கு வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லல."

அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்படின்னு அவங்க சொன்னாங்களா?"

"அவங்க அப்படிச் சொல்ற ஆளா?"

அங்கேதான் அவளுக்குக் கோபமே. டீச்சர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. ஒரு குத்தல் பேச்சு, ஒரு சலிப்பு, 'நான் இல்லன்னா என்ன ஆகியிருக்கும்' என்று ஒரு பெருமூச்சு, எதுவும் கிடையாது. கொஞ்சம் அல்பமாக இருந்து தொலைத்திருந்தால் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போகலாம்.

அவர் படுத்து அரைத் தூக்கம் தூங்கியிருப்பார், அவருடைய அக்காக்காரி வந்து சேர்ந்தார். தையல்காரிக்கு நாத்தனார். வாயால் ஊரை வளைப்பவர், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். வைத்துக்கொள்ள அங்கே இடமும் இருக்காது, உடனுக்குடன் காலி செய்துவிடுவார்.

"என்ன, இன்னைக்கு மகளை மீட்டுக்கப் போறியாமே?" என்றார் உள்ளே நுழையும்போதே.

"மீட்க அவ என்ன அடகுலயா இருக்கா, அண்ணி?"

"எனக்கென்ன தெரியும்? நான் போன மாசம் வந்தப்ப என்னைப் பார்த்துட்டு அந்த டீச்சர் புடவைக்குப் பின்னால ஒளிஞ்சா. ரத்த சம்பந்தம் உள்ள அத்தைக்கே அந்தக் கதி."

 தையல்காரி தலையணைக்கு அடியில் கைவிட்டு, அங்கே இருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய பதில் அங்கே இருந்தது.

கரு நீல வெல்வெட்டில் ஒரு கவுன்.

வார்டில் படுத்தபடியே வெட்டியது. நர்ஸைக் கெஞ்சிக் கத்தரி வாங்கி, ஆயாவை அனுப்பித் துணி வாங்கி, வலி குறைந்திருந்த பொழுதுகளில் கையாலேயே தைத்தது. இதில் முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம், மிளகுக்குத் தைக்கும்போது தையல்காரி டேப்பைத் தொடவே மாட்டாள். ஊருக்கெல்லாம் டேப், சொந்த மகளுக்கு மட்டும் கண்ணளவு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். ஒரு தடவையும் ஒரு நூல் பிசகியதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் காட்டிய பெருமை அது.

வார்டுக்குள் சின்னப் பிள்ளைகளை விடமாட்டார்கள். போனில் முகத்தை மட்டும்தான் பார்த்தாள். இருந்தாலும் பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று தெரியாதா என்ன? அதனால் நீளத்துக்குக் கீழே தாராளமாகத் துணி விட்டு மடித்தாள்.

அகலத்துக்கு விடவில்லை.

அவள் கையில் வளர்ந்த மிளகுக்கு விலா எலும்பு தெரியும். ஒரு வாய் ஊட்ட வீட்டைச் சுற்றி நாலு தடவை ஓட வேண்டும். அந்தப் பிள்ளை உயரமாகும் என்று அவளுக்குத் தெரியும். சதை போடும் என்று தோன்றவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்தபோது கன்னம் உப்பியிருந்ததைக் கண் பார்த்தது. மேலே தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர் இருந்ததால் மிச்சம் தெரியவில்லை என்று அவள் சொல்லிக்கொள்ளலாம். உண்மையில், கண் பார்த்ததை மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

டீச்சர் மிளகைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். வாசலிலேயே நின்றார். எப்போதும் அப்படித்தான், கூப்பிடாமல் உள்ளே வரமாட்டார். குனிந்து மிளகின் ஷூ நாடாவை அவிழ்த்துவிட்டார்.

"டீச்சருக்கு தேங்க்ஸ் சொல்லு" என்றாள் தையல்காரி கட்டிலிலிருந்து.

மிளகு திரும்பிப் பார்த்தாள். "டீச்சரம்மாவுக்கா?" அம்மா ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, கெக்கெக்கே என்று சிரித்தாள்.

மரியாதை தெரியாமல் வளர்த்து வைத்திருக்கிறாள் என்று தையல்காரி மனசுக்குள் குறித்துக்கொண்டாள். குறை சொல்ல ஒன்று கிடைத்ததில் அவளுக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட.

"இங்க வா. அம்மா உனக்கு என்ன வச்சிருக்கேன் பாரு."

தலையணைக்கு அடியிலிருந்து கவுன் வெளியே வந்தது. எத்தனை ராத்திரிகள் இந்த ஒரு நிமிஷத்தை அவள் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள்!

"ஐ, நீலம்!" மிளகு வெல்வெட்டைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். "பூனைக்குட்டி மாதிரி இருக்கு!"

ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். கவுன் தலை வழியாக இறங்கியது. தோளில் நின்றது. நாத்தனார் இழுத்துவிட்டார். கை உள்ளே போனது, ஆனால் தூக்கினது தூக்கினபடி நின்றது. முதுகு ஜிப் பாதி வழியில் பிடிவாதமாக நின்றுவிட்டது.

"மூச்சை உள்ள இழு, கண்ணு" என்றாள் தையல்காரி.

மிளகு இழுத்தாள். முகம் சிவந்ததே தவிர ஜிப் நகரவில்லை.

நாத்தனாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னடி இது? மிளகைக் கொடுத்து அனுப்பினா பூசணிக்காய் திரும்பி வந்திருக்கு!"

பிள்ளையின் உதடு கோணியது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்தாள். "டீச்சரம்மா, நான் குண்டா?"

"இல்லடா. நீ சரியாத்தான் இருக்க. துணிதான் சின்னது."

பிள்ளையைத் தேற்றச் சொன்னதுதான். டீச்சருக்கு வேறு நினைப்பு இல்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். ஆனால் தையல்காரி அதைத் தன் கைக்குச் சொன்ன குறையாக எடுத்துக்கொண்டாள்.

நாத்தனார் விடவில்லை. "உங்க அம்மா கையில ஒரு வாய் இறங்காதே உனக்கு! டீச்சர் என்ன மாயம் பண்ணாங்க?"

"டீச்சரம்மா கதை சொல்லிக்கிட்டே ஊட்டுவாங்க அத்தை. கதை முடியறதுக்குள்ள தட்டு காலியாயிடும்."

தையல்காரியும் ஊட்டியிருக்கிறாள். மிஷினில் கால், ஒரு கையில் துணி, மறு கையில் தட்டு. 'முழுங்குடி, முழுங்குடி' என்று மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே ஊட்டுவாள். கதைக்கு அவளுக்கு ஏது நேரம்? நேரம் இருந்தவள் ஊட்டினாள், பிள்ளை தேறியது. இதில் யாரைக் குறை சொல்வது என்று தெரியாததுதான் அவளைக் கொன்றது.

"அண்ணி, அந்த டேப்பை எடுங்க" என்றாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மகளுக்கு அளவெடுத்தாள். டேப் மார்பைச் சுற்றியதும் மிளகு, "கூசுது, கூசுது" என்று நெளிந்து ஓடினாள். பிடித்து நிறுத்தினால் இந்தப் பக்கம் வழுக்கினாள். டீச்சர் உள்ளே வந்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டதும் அசையாமல் நின்றாள். எந்த வாடிக்கையாளருக்கு எடுத்தாலும் அளவை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது தையல்காரியின் பழக்கம். இந்த அளவை அவள் சொல்லவில்லை.

நீலத்தில் மிச்சத் துணி ஒரு விரல் அகலம்கூட இல்லை. கறுப்பு சாட்டின் இருந்தது. இரண்டு பக்கத் தையலையும் பிரித்து, அக்குளிலிருந்து இடுப்புவரை சாட்டின் பட்டை கொடுக்கலாம். அதே துணியில் ஒரு பெல்ட்டும் வைத்துவிட்டால் ஒட்டுப் போட்டதே தெரியாது. மூளை உடனே வழி சொல்லிவிட்டது. கையும் தயார். கால்தான் இல்லை.

அவளுடையது கால் மிஷின். இடது கால் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பட்டைக்குள் விறைத்துக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் கையால் தைத்து முடியாது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும்.

"நான் சுத்துறேன், இது ஒரு வேலையா?" என்று நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். முதல் சுற்றுத் தலைகீழ். இரண்டாவதில் நூல் கொத்தாகச் சிக்கியது. மூன்றாவதில் ஊசி உடைந்தது.

"என் கை சமையல் கை. நான் போய் இவளைக் குளிப்பாட்டுறேன்" என்று மிளகை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

அறையில் இரண்டு பெண்களும் ஒரு மிஷினும் மிஞ்சினார்கள்.

"நான் சுத்தட்டுமா?" என்றார் டீச்சர்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. பிரித்துப்போட்ட கவுன் மடியில் கிடந்தது.

"ம்" என்றாள்.

டீச்சர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு தையல்காரியின் விரலைப் பார்த்துப் பார்த்து, விரல் தயங்கினால் தயங்கி, விரல் ஓடினால் ஓட்டி, சக்கரம் பிடிபட்டுவிட்டது. அக்குள் வளைவில் சொல்லாமலே மெதுவாக்கினார். இதுவும் வருகிறதே இவளுக்கு என்று தையல்காரிக்கு ஆத்திரமாக வந்தது.

"ராத்திரி விளக்கை முழுசா அணைக்காதீங்க" என்றார் டீச்சர். சக்கரம் நிற்கவில்லை.

"தெரியும்."

தெரியாது.

"நடுவுல எழுந்து தண்ணி கேப்பா. வெந்நீரை ஆற வச்சுக் கொடுத்துடுங்க. பச்சைத் தண்ணின்னா உடனே இருமல் பிடிச்சுக்குது."

"ம்."

"வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுத்தாத்தான் தூக்கம் வரும். நீங்க அந்தப் பக்கமா..."

"டீச்சர், நான் அவளைப் பெத்தவ."

சக்கரம் நின்றது. ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. குளியலறையில் மிளகு எதற்கோ கத்திச் சிரித்தாள்.

"ஆமா" என்றார் டீச்சர். "அதை நான் ஒரு நாளும் மறக்கல."

மறுபடி சக்கரம் சுழன்றது. ஒரு பக்கத் தையல் முடிந்தது. துணியைத் திருப்பிப் போடும் இடைவெளியில் டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன். ஆனா உங்ககிட்ட நானே சொல்றதுதான் முறை."

தையல்காரிக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். 'ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்புங்க, லீவு நாள்ல மட்டும் அனுப்புங்க' என்று கேட்கப் போகிறாள். இத்தனை செய்தவள் கேட்டால் முடியாது என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் இந்த மனுஷர் காலையில் செருப்பைக் கழற்றாமல் அப்படிக் கேட்டிருக்கிறார்.

"சாயங்காலம் ஆகட்டும் டீச்சர். இப்ப கவனம் சிதறினா தையல் கோணிடும்."

டீச்சர் அவளையே பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டுச் சக்கரத்தில் கை வைத்தார். கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுக்கும்போது, சாயங்காலம் என்ன பேசுவது என்று தையல்காரி முடிவு செய்துவிட்டாள். கேட்கவே இடம் கொடுக்கக்கூடாது.

அந்தி சாயும் நேரத்தில் அதே ஆண்கள் வந்து அதே நாற்காலியில் அவளைக் கீழே தூக்கிப் போனார்கள். முற்றத்தில் பெரிய காகித ஸ்டார், மூலையில் வைக்கோல் போட்ட குடில், வாடகை நாற்காலிகள். பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். முன் வரிசையில் நீலக் கவுனில் மிளகு.

"என்ன அழகா கறுப்புப் பட்டை கொடுத்திருக்கீங்க! புது ஃபேஷனா?" என்று கீழ்மாடிக்காரி கேட்டாள்.

"ஆமா" என்றாள் தையல்காரி.

மிளகு வார்த்தை பிசகாமல் பாடினாள். கண் மட்டும் நாற்காலிகளின் கடைசி வரிசையில் இருந்தது. அங்கே டீச்சர் மடியில் கை வைத்து, இரண்டு விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை அவள் தலைக்கு மேலாகப் பார்த்துப் பாடியது.

செயலாளருக்கு மைக் கிடைத்தால் போதும். நாமெல்லாம் ஒரே குடும்பம், அன்பு, அண்டை அயல் என்று ஆரம்பித்துத் தண்ணீர் மோட்டார்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். பிறகு மைக்கைத் தையல்காரியின் கையில் கொடுத்தார்.

அவள் குரல் நடுங்கவில்லை. தூக்கி வந்தவர்களுக்கு நன்றி. சமைத்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி. துணி துவைத்துப் போட்டவர்களுக்கு நன்றி. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். பிறகு ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள்.

"கடைசியா டீச்சருக்கு. நான் இல்லாத நேரத்துல என் பொண்ணைப் பாத்துக்கிட்டாங்க. ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி இருக்கணுமோ, அப்படி இருந்தாங்க."

கைதட்டினார்கள். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவங்களுக்கும் வயசாகுது. எத்தனை நாளைக்கு அடுத்தவங்க பிள்ளையைச் சுமப்பாங்க? இன்னையிலிருந்து என் மக என் வீட்டுலதான். இனிமே எதுக்காகவும் டீச்சரைத் தொந்தரவு பண்ணமாட்டோம்னு உங்க எல்லார் முன்னாலயும் சொல்லிக்கறேன். இத்தனை நாள் பட்ட சிரமத்துக்கு எங்க குடும்பத்தோட நன்றி, டீச்சர்."

பலத்த கைதட்டல். செயலாளர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

நன்றி சொல்லியே ஒருவரை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் அது மூன்று பேருக்குப் புரிந்தது. சொன்னவளுக்கு, தலையைக் குனிந்துகொண்ட கணவருக்கு, டீச்சருக்கு. டீச்சரும் கைதட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் தட்டியது.

"டீச்சர், நீங்களும் ரெண்டு வார்த்தை!" என்று செயலாளர் மைக்கை நீட்டினார்.

டீச்சர் எழுந்தார். "நான்தான் நன்றி சொல்லணும்" என்றார். அவ்வளவுதான். கேக் வெட்டும்போது தேடினார்கள், ஆளைக் காணோம். தலைவலி என்று மேலே போய்விட்டாராம்.

"நீ பேசினது சரியில்ல" என்றார் பேக்கரிக்காரர். மறுநாள் விற்பனைக்கான கடைசி அடுப்பு அவருக்காகக் காத்திருந்தது, சட்டையை மாட்டிக்கொண்டே பேசினார். நாத்தனார் பஸ்ஸுக்கு அவரோடு கிளம்பி, வாசலில் நின்றார். அதிசயமாக வாயைத் திறக்கவில்லை.

"என்ன தப்பு? நீங்கதானே நன்றி சொல்லச் சொன்னீங்க?"

"நன்றியா அது?"

"அப்படித்தான் எல்லாரும் கைதட்டினாங்க."

"டீச்சர் உன்கிட்ட அந்த விஷயத்தைச் சொன்னாங்களா, இல்லையா?"

"நான் சொல்ல விடல. எனக்குக் கேக்கவும் வேணாம். ஞாயித்துக்கிழமைக்குக்கூட அனுப்பமாட்டேன்."

"ஞாயித்துக்கிழமையா?" அவர் விழித்தார். ஏதோ சொல்ல வந்து, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தானே சொல்றதா சொல்லி, நான் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட வார்த்தை வாங்கிக்கிட்டாங்க. இல்லன்னா நான்... சரி. காலையில வந்து பேசிக்கறேன். கதவைச் சாத்திக்கோ."

வாக்கரைப் பிள்ளை இடறி விழாமல் இருக்க அறை மூலையில் தள்ளி வைத்தார். பிளாஸ்க்கில் பால் ஊற்றி வைத்தார். போய்விட்டார். மிளகு எக்கித் தாழ்ப்பாளைப் போட்டாள். இத்தனை மாதம் கழித்துத் தாயும் மகளும் ஒரு பூட்டிய வீட்டுக்குள்.

கதவோரத்தில் மிளகின் பை இருந்தது. அவர்கள் கீழே இருந்தபோதே டீச்சர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். தையல்காரி அதைக் கட்டிலுக்கு இழுத்துத் திறந்தாள். கோடைக்காலத்துச் சட்டைகள், பல் பிரஷ், உடைந்த கிரேயான்கள், ஒற்றைச் சாக்ஸ்கூட மடித்து. மகளுடைய பொருள் என்று எதிர்வீட்டில் ஒரு துரும்பையும் டீச்சர் மிச்சம் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிள்ளையைக் கேட்கிறவள் இப்படிக் கட்டி அனுப்புவாளா என்று ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. அதை அவள் ஓரமாகத் தள்ளினாள். இன்று அவளுடைய நாள்.

மிளகு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். முட்டியைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, ரொம்பச் சமத்தாக. தையல்காரி ஜிப்பை இறக்கினாள். வழுக்கிக்கொண்டு இறங்கியது. கவுனைக் கழற்றி இரவுச் சட்டையை மாட்டிவிட்டாள். தானே கதை சொல்லலாம் என்று நினைத்தாள், ஒரு கதையும் ஞாபகம் வரவில்லை. பாலை டம்ளரில் ஊற்றி, சூடு பார்த்து, நீட்டினாள்.

மிளகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"தேங்க்ஸ்மா" என்றாள்.

தையல்காரியின் கை அந்தரத்திலேயே நின்றது.

"அம்மாவுக்கு எதுக்குடி தேங்க்ஸ்?"

"யார் வீட்டுல என்ன கொடுத்தாலும் தேங்க்ஸ் சொல்லணும்னு டீச்சரம்மா சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"டீச்சர் பால் கொடுத்தா? அப்பவும் சொல்லுவியா?"

"டீச்சரம்மாவுக்கா?" காலையில் சிரித்த அதே சிரிப்பு எட்டிப் பார்த்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளை அதைச் சட்டென்று விழுங்கிக்கொண்டாள்.

பால் குடித்து முடித்தாள். டம்ளரை ஓசைப்படாமல் கீழே வைத்தாள்.  தையல்காரி, அன்று சாயங்காலம் தான் வாங்கிய கைதட்டலையெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்த டம்ளரைப் பிள்ளை ஒரு தடவை தரையில் போட்டு உடைக்கட்டும் என்று ஏங்கினாள்.

அப்போது எதிர்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு பூட்டுகிற சத்தம். ஒரு தடவை, மறு தடவை. பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்க்கும் சத்தம். வெளியூர் போகிறவர்கள் பூட்டுகிற மாதிரி.

மிளகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சக்கரம் வைத்த பெட்டி ஒன்று முதல் படியில் 'தடக்' என்று இறங்கியது. அடுத்த படியில் இன்னொரு 'தடக்'.

"டீச்சரம்மா!" பிள்ளை கட்டிலிலிருந்து குதித்துக் கதவுக்கு ஓடினாள். தையல்காரி எழப் பார்த்தாள். விறைத்த கால் எழவில்லை. வாக்கர் மூலையில் நின்றது.

தாழ்ப்பாள்வரை எக்கிக் கை வைத்த மிளகு, அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தாள்.

"திறக்கட்டுமாம்மா?"

சொந்த வீடென்றால் கேட்டிருக்கமாட்டாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, கால் தரையில் தவித்தது. ஆனாலும் மரியாதையாக, அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி, உத்தரவுக்காக நின்றாள்.

பெட்டியின் சத்தம் இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.